கோட்டிங்கனில் ஒரு கோடை, 1931



நீளமான பதிவு. மணி அடித்த பிறகும் மிஸ் பாடத்தை முடிக்க மாட்டார் என்பது உங்களுக்குத் தெரிந்த விஷயம்தான். இரண்டு தவணையாகப் படித்தாலும் சரி.

பொங்கல் முடிந்ததுமே எனக்கு விசாரிப்புகள் வர ஆரம்பித்துவிடுகின்றன. "மிஸ், பையன் பிளஸ் ஒன். லண்டனில் மூன்று வாரம் கோடை வகுப்பாம். லட்சக்கணக்கில் கேட்கிறார்கள், அனுப்பலாமா?" என்று ஒருத்தி. "அத்தை, பெண்ணுக்கு ஜெர்மனியில் இரண்டு மாதம் ஆய்வகத்தில் இருக்க வாய்ப்பு வரும்போல இருக்கு. உதவித்தொகையும் உண்டாம். மாக்ஸ்முல்லர் பவனில் ஜெர்மன் வகுப்பில் சேர்த்துவிடட்டுமா?" என்று உறவில் ஒருவன். நாங்கள் மயிலாப்பூரில் சிறுசுகளாக இருந்தபோது கோடை என்றால் மொட்டை மாடியில் வடாமுக்குக் காவல், அப்புறம் தாத்தா ஊருக்கு ரயில். இப்போது மாட வீதி வீடுகளில் ஏப்ரல் மாதப் பேச்சே விசாவைப் பற்றித்தான். நல்ல மாற்றம்தான், குறை சொல்லவில்லை. "கொஞ்ச நாளில் என்ன பெரிதாகக் கற்றுக்கொண்டுவிட முடியும்?" என்று எல்லோரும் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட, ஒரு மயிலாப்பூர்ப் பையன் கழித்த ஒரு கோடையைப் பற்றி இங்கே எழுதிவிடலாம் என்று தோன்றியது.

அந்தப் பையன் சுப்ரமணியன் சந்திரசேகர். 1983ல் நோபல் பரிசு பெற்றவர். பரிசு அறிவிக்கப்பட்ட அக்டோபர் 19 அவருடைய 73வது பிறந்த நாள். நான் வேலையில் சேர்ந்த புதிது. மறுநாள் ஆசிரியர் அறையில் எல்லோரும் பத்திரிகையைச் சுற்றி நின்று, "நம்ம மயிலாப்பூர்க்காரர்" என்று சொந்தம் கொண்டாடினோம். அவர் அதற்குள் அமெரிக்கக் குடிமகனாகி முப்பது வருஷம் ஆகியிருந்தது. அதனால் என்ன, சொந்தம் சொந்தம்தான்.

பிறந்தது லாகூரில், 1910ல். அப்பா சி. சுப்ரமணிய ஐயர் ரயில்வே கணக்குத் தணிக்கைத் துறையில் பெரிய அதிகாரி. சர் சி.வி. ராமனின் அண்ணன். வயலின் வாசிப்பவர், கர்நாடக சங்கீத இலக்கணம் பற்றி ஆங்கிலத்தில் புத்தகம் எழுதியவர். அம்மா சீதாலட்சுமி. பத்துக் குழந்தைகள். முதல் இரண்டும் பெண்கள், மூன்றாவது சந்திரசேகர். குடும்பம் 1918ல் சென்னைக்கு வந்தது. மயிலாப்பூரில் அவர்கள் வீட்டுக்குச் 'சந்திர விலாஸ்' என்று பெயர். பையன் திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில் படித்தான். 1925ல் மாநிலக் கல்லூரி. (இனி 'அவர்' என்றே எழுதுகிறேன்.)

அம்மாவைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். அவர் பள்ளியில் படித்தது கொஞ்சம்தான். கல்யாணத்துக்குப் பிறகு ஆங்கிலம் கற்றுக்கொண்டு, இப்சன் எழுதிய நார்வே நாடகத்தை, 'பொம்மை வீடு' என்று நாம் சொல்கிறோமே, அதைத் தமிழில் மொழிபெயர்த்தவர். கணவனையும் குழந்தைகளையும் விட்டு ஒரு பெண் வாசல் கதவைச் சாத்திக்கொண்டு வெளியேறும் நாடகம். பத்துப் பிள்ளை பெற்ற ஒரு தாய், அந்தக் காலத்தில், எந்த நேரத்தில் உட்கார்ந்து அதை எழுதியிருப்பார் என்று நான் பலமுறை யோசித்திருக்கிறேன். 1920 ஏப்ரலில் ராமானுஜன் காலமானபோது பத்திரிகையில் வந்த செய்தியை ஒன்பது வயது மகனிடம் சொன்னதும் இந்த அம்மாதான். இன்ன ஊர்க்காரர், கணிதத்தில் பெரிய பெயர் எடுத்தவர், இங்கிலாந்து போய் வந்தவர் என்று அம்மா சொன்னது கடைசிவரை தனக்கு நினைவிருந்ததாகச் சந்திரசேகர் பின்னாளில் சொல்லியிருக்கிறார். மகன் ஐ.சி.எஸ். எழுத வேண்டும் என்பது அப்பாவின் ஆசை. மகனுக்குப் பிடித்ததைப் படிக்கட்டும் என்பது அம்மாவின் கட்சி.

வெளிநாட்டுக் கோடைக்கு வருவதற்கு முன்னால் உள்நாட்டுக் கோடை ஒன்று இருக்கிறது. 1928 பிப்ரவரியில் கல்கத்தாவில் சித்தப்பா ராமன் தன்னுடைய புகழ்பெற்ற விளைவைக் கண்டுபிடித்தார். அந்த வருஷக் கோடை விடுமுறையில் சந்திரசேகர் கல்கத்தா ஆய்வகத்துக்குப் போனார். கே.எஸ். கிருஷ்ணன் முதலானவர்கள் அங்கே இரவு பகலாக வேலை செய்துகொண்டிருந்த நேரம். கருவிகளைக் கையாளும் வேலை தனக்குச் சரிப்படாது, தன் இடம் காகிதமும் பென்சிலும்தான் என்று அங்கே அவருக்குத் தெளிவாகிவிட்டது. எது நமக்கு வராது என்று பதினேழு வயதில் தெரிந்துகொள்ள முடிந்தால் அந்த ரயில் டிக்கெட்டுக்கு அது போதும் என்பேன்.

அதே வருஷம் இலையுதிர்காலத்தில் மூனிக்கிலிருந்து சோமர்ஃபெல்ட் சென்னைக்கு வந்தார். அணுக் கொள்கையில் அன்றைக்கு வேதம்போல இருந்த புத்தகத்தை எழுதியவர். மாநிலக் கல்லூரியில் அவர் பேசியதும், சந்திரசேகர் அவர் தங்கியிருந்த ஓட்டலுக்கே போய்ப் பார்த்தார். "உங்கள் புத்தகத்தை முழுக்கப் படித்துவிட்டேன்" என்ற தோரணை. அவர் என்ன சொன்னார் தெரியுமா? அந்தப் புத்தகம் எழுதிய பிறகு பௌதிகமே மாறிவிட்டது, ஷ்ரோடிங்கர், ஹைசன்பர்க், டிராக் எல்லோருமாகச் சேர்ந்து அடித்தளத்தையே மாற்றிவிட்டார்கள் என்றார். பையன் முகம் வாடியிருக்க வேண்டும். ஆனால் பெரியவர் அத்தோடு அனுப்பிவிடவில்லை. உலோகங்களில் எலெக்ட்ரான்கள் எப்படி நடந்துகொள்கின்றன என்பது பற்றித் தான் எழுதி, இன்னும் வெளிவராமல் இருந்த கட்டுரையின் அச்சுப் படிகளைக் கொடுத்துவிட்டுப் போனார். அதைப் பிடித்துக்கொண்டு சந்திரசேகர் சில மாதங்களில் தன் முதல் பெரிய கட்டுரையை எழுதி, கேம்பிரிட்ஜில் இருந்த ரால்ஃப் ஃபவுலருக்கு அனுப்பினார். 1929ல் லண்டன் ராயல் சொசைட்டி இதழில் அது வெளிவந்தது. இளங்கலை மாணவர், வயது 18. (1983ல் இவரோடு பரிசைப் பகிர்ந்துகொண்டவர் வில்லியம் ஃபவுலர். அவர் வேறு, இவர் வேறு. பரீட்சைக்கு அல்ல, பொது அறிவுக்கு.)

1929 அக்டோபரில் ஹைசன்பர்க்கே சென்னை வந்தார். அவருக்கு ஊர் காட்டும் பொறுப்பு சந்திரசேகருக்கு. மெரினா கடற்கரைச் சாலையில் காரில் போய்க்கொண்டே இருவரும் பௌதிகம் பேசினார்கள். உலகம் சந்திரசேகரைத் தேடி மெரினாவுக்கே வந்துகொண்டிருந்தது என்றால் மிகையில்லை. ஆனால் வந்தவர்களிடம் கேட்பதற்குக் கேள்வி தயாராக வைத்திருந்த பையன் அவர்.

1930ல் அரசு உதவித்தொகை கிடைத்தது. கேம்பிரிட்ஜில் மூன்று வருஷம். இந்த இடத்தில்தான் சிக்கல். அம்மாவுக்கு உடம்பு மிகவும் மோசமாக இருந்தது. திரும்பி வரும்போது அவர் இருப்பாரா என்பதே சந்தேகம். போக வேண்டாம் என்று சுற்றியிருந்தவர்கள் சொன்னார்கள். அவருக்கே மனசு வரவில்லை. போகத்தான் வேண்டும் என்று பிடிவாதமாக நின்றது அம்மா மட்டும்தான். மகன் தனக்கு மட்டும் சொந்தமானவன் அல்ல, உலகத்துக்கும் உரியவன் என்பது அவர் கட்சி. 1930 ஜூலை 31ந் தேதி பம்பாயில் 'பில்ஸ்னா' என்ற இத்தாலியக் கப்பலில் ஏறினார். வயது 19.

அந்தக் கப்பலில் நடந்ததை நான் வகுப்பில் சொல்லியிருக்கிறேன். மறந்தவர்களுக்காக மீண்டும். சூரியனைப் போன்ற நட்சத்திரம் எரிபொருள் தீர்ந்ததும் சுருங்கிச் சுருங்கிக் கிட்டத்தட்ட நம் பூமி அளவுக்கு வந்துவிடும். வெண்குள்ளன் என்று பெயர். ஒரு தேக்கரண்டி எடுத்தால் சில டன் எடை இருக்கும். இவ்வளவு கனத்தைத் தாங்கி நிற்பது எது? நெருக்கி அடைக்கப்பட்ட எலெக்ட்ரான்கள். அறுபத்துமூவர் அன்றைக்கு மாட வீதியில் இடம் இல்லாத கூட்டம் எப்படி நெருக்கியடித்துத் தள்ளுமோ, அப்படி ஒரு தள்ளல். நெருக்க நெருக்க எலெக்ட்ரான்களின் வேகம் கூடும். எத்தனை எடை வந்தாலும் இந்தத் தள்ளல் தாங்கிவிடும் என்பதுதான் ஃபவுலர் 1926ல் சொன்னதன் சாரம். சந்திரசேகர் கப்பலில் உட்கார்ந்து கேட்டது ஒரு சின்னக் கேள்வி. வேகம் கூடிக்கூடி ஒளியின் வேகத்தை நெருங்கினால் ஐன்ஸ்டீனின் சார்பியல் குறுக்கே வருமே, அதைக் கணக்கில் சேர்த்தால் என்ன ஆகும்? சேர்த்துப் பார்த்தார். தள்ளல் பலவீனமாகிவிட்டது. ஒரு குறிப்பிட்ட எடைக்கு மேல் போனால் அந்த நட்சத்திரத்தைத் தாங்க ஆளில்லை. அது வெண்குள்ளனாக ஓய்வெடுக்க முடியாது.

இதில் கவனியுங்கள். கணக்குக்கு வேண்டிய சரக்கு முழுவதும் சென்னையில் சேர்ந்தது. ஃபவுலர் கட்டுரை, சோமர்ஃபெல்ட் அச்சுப் படிகள், கல்லூரியில் கட்டுரைப் போட்டிப் பரிசாகக் கேட்டு வாங்கிய எடிங்டனின் நட்சத்திரப் புத்தகம். கேம்பிரிட்ஜ் மண்ணை மிதிப்பதற்கு முன்பே பெயர் சொல்லும் வேலை முடிந்துவிட்டது! வெளிநாடு போனால்தான் மூளை திறக்கும் என்பவர்களுக்கு இதைச் சொல்லுங்கள்.

ஆனால் வெளிநாடு வேண்டாம் என்பவர்களும் அவசரப்பட வேண்டாம். கதை பாதிதான் ஆகியிருக்கிறது.

கேம்பிரிட்ஜ் அவரை வரவேற்று மடியில் வைத்துக்கொள்ளவில்லை. சேர்க்கைக்கே தடுமாற்றம் வந்தது. ஃபவுலர் தலையிட்ட பிறகுதான் ட்ரினிட்டி கல்லூரியில் இடம் கிடைத்தது. கப்பலில் போட்ட கணக்கைக் காட்டினால் ஃபவுலருக்கு அதில் பெரிய ஆர்வம் இல்லை. மாதக்கணக்கில் காத்திருந்துவிட்டு, 1930 நவம்பரில் தானே அமெரிக்காவிலிருந்து வரும் 'அஸ்ட்ரோஃபிசிக்கல் ஜர்னல்' இதழுக்கு அனுப்பிவைத்தார். இரண்டே பக்கம். சென்னையில் அவர் முதல் மாணவர். அங்கேயோ டிராக், எடிங்டன், ரூதர்ஃபோர்ட், ஹார்டி என்று எந்தப் பக்கம் திரும்பினாலும் மலை. தன்னம்பிக்கையே ஆட்டம் கண்டது என்று அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். சைவச் சாப்பாடு, குளிர், தனிமை எல்லாம் சேர்ந்துகொண்டன. அந்த நவம்பரில்தான் சித்தப்பா ராமனுக்கு நோபல் பரிசு. "ராமனின் அண்ணன் மகன்" என்ற அடைமொழியைச் சுமப்பதும் லேசு இல்லை.

1931 மே மாதம் மயிலாப்பூரில் அம்மா காலமானார்.

மகன் அங்கே. கப்பலில் வந்து சேரவே பதினைந்து இருபது நாள் ஆகும் தூரம். கொள்ளி போட மூத்த மகன் இல்லை. பத்துக் குழந்தைகளில் கடைசிக் குழந்தைகள் இன்னும் சிறுசுகள். இந்தப் படிப்புக்கு யார் விலை கொடுத்தார்கள் என்று கேட்டால் அரசு உதவித்தொகை என்பது அரைப் பதில்தான். நம் குடும்பத்திலும் இப்படி நடந்திருக்கிறது, உறவுகளுக்குத் தெரியும், பெயர் சொல்லவில்லை. வீடியோ காலில் கடைசி முகம் பார்த்தவர்கள் இருக்கிறீர்கள். 1931ல் அதுவும் கிடையாது.

அந்தக் கோடையில்தான் மாக்ஸ் பார்ன் அழைத்தார், சந்திரசேகர் ஜெர்மனியில் உள்ள கோட்டிங்கனுக்குப் போனார். இருபது வயது. துக்கம் ஆறாத நேரம்.

கோட்டிங்கன் ஒரு சின்ன ஊர். நம் கும்பகோணம் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்களேன், கோயிலுக்குப் பதில் பல்கலைக்கழகம். காஸ் இருந்த ஊர், ரீமான் இருந்த ஊர், ஹில்பர்ட் அப்போதும் வாழ்ந்துகொண்டிருந்த ஊர். 1925ல் குவாண்டம் இயக்கவியலுக்குக் கணித உருவம் கொடுத்த மூவர், ஹைசன்பர்க், பார்ன், யோர்டான், மூவரும் 1925ல் அங்கேதான் இருந்தார்கள். ஓப்பன்ஹைமர் 1927ல் பார்னிடம்தான் முனைவர் பட்டம் வாங்கினார். இருபதுகளில் இருக்கும் இளைஞர்களே உலகத்தை மாற்றிக்கொண்டிருந்ததால் 'பையன்கள் பௌதிகம்' என்று அங்கே கேலியாகச் சொல்வார்கள்.

அங்கே சந்திரசேகர் செய்த வேலை என்ன? நட்சத்திரத்தின் உள்ளேயிருந்து வரும் ஒளியை நடுவில் உள்ள பொருள் எவ்வளவு தடுக்கிறது, ஒவ்வொரு அணுவும் எவ்வளவு விழுங்குகிறது, அதை வைத்து நட்சத்திரத்தின் மேற்பரப்பு எப்படி இருக்கும் என்று கணக்கிடுவது. சமையலறைப் புகையில் பல்பு மங்கலாகத் தெரிகிறதே, எவ்வளவு புகைக்கு எவ்வளவு மங்கல் என்று கேட்பது போன்றது. உழைப்பைக் கேட்கும் வேலை. பத்திரிகைச் செய்தியாகாத வேலை. இன்றைக்குக் கோடைப் பயிற்சிக்குப் போய்விட்டு "வெறும் டேட்டாவைச் சரிபார்க்க விட்டார்கள் மிஸ்" என்று முகம் சுளிக்கும் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லத் தோன்றும். ஒளி நட்சத்திரத்தின் வழியே எப்படிக் கடந்து வருகிறது என்ற கேள்வியில் அவர் பின்னாளில் பல வருஷம் உழைத்து 1950ல் ஒரு தடித்த புத்தகமே எழுதினார்.

அங்கே அவருக்கு அறிமுகமான இளைஞர்களில் இருவர் பெயரை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். எட்வர்ட் டெல்லர், ஹங்கேரிக்காரர். லுட்விக் பியர்மன், ஜெர்மானியர், அப்போதுதான் முனைவர் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருந்தவர். இரண்டாமவரைப் பற்றிப் பின்னால் வருகிறேன்.

அந்த வருஷத்து ஜெர்மனி எப்படி இருந்தது என்பதையும் சொல்லாமல் விட முடியாது. 1931 ஜூலை 13ந் தேதி பெரிய வங்கி ஒன்று திவாலாகி, அடுத்த இரண்டு நாள் நாடு முழுவதும் வங்கிகள் மூடிக்கிடந்தன. வேலையில்லாதவர்கள் லட்சக்கணக்கில் தெருவில் இருந்தார்கள். முந்தைய செப்டம்பர் தேர்தலில் ஹிட்லர் கட்சி 107 இடம் பிடித்திருந்தது. பல்கலைக்கழக மாணவர்களிடையே அந்தக் கட்சிக்கு நல்ல செல்வாக்கு. உலகத்தின் மிகச் சிறந்த வகுப்பறை, ஆனால் தரையில் விரிசல் விழுந்துவிட்டது.

விரிசல் பிளக்க இரண்டு வருஷம்கூட ஆகவில்லை. 1933 ஏப்ரல் 7ந் தேதிச் சட்டம் யூதர்களை அரசுப் பணியிலிருந்து வெளியேற்றியது. அந்த மாதமே பார்ன் பணியிலிருந்து நிறுத்தப்பட்டார். ஜேம்ஸ் ஃப்ராங்க் தானே ராஜினாமா செய்தார். எம்மி நோதர், கூரான்ட் எல்லோரும் போனார்கள். நூறு வருஷமாகக் கட்டியதைச் சில வாரங்களில் கலைத்தார்கள். 1931ல் சந்திரசேகர் உட்கார்ந்த அந்த வகுப்பறை 1934ல் போயிருந்தால் கிடைத்திருக்காது. பிள்ளைகள் "அடுத்த வருஷம் போய்க்கொள்கிறேன்" என்று சொல்லும்போதெல்லாம் எனக்கு இது ஞாபகம் வரும்.

பார்ன் எங்கே போனார் தெரியுமா? கேம்பிரிட்ஜுக்கு. அதே 1933 அக்டோபரில் சந்திரசேகர் ட்ரினிட்டி கல்லூரியில் ஃபெல்லோவாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1918ல் ராமானுஜனுக்குப் பிறகு அந்த இடத்துக்கு வந்த இரண்டாவது இந்தியர். அழைத்த பேராசிரியர் அகதியாகவும், அழைக்கப்பட்ட மயிலாப்பூர் மாணவர் கல்லூரியின் அங்கத்தினராகவும் ஒரே ஊரில். இன்னும் இருக்கிறது. நிரந்தர வேலை இல்லாமல் தவித்த பார்னை 1935ல் பெங்களூருக்கு அழைத்தது யார்? அங்கே இந்திய அறிவியல் கழகத்தின் இயக்குநராக இருந்த சி.வி. ராமன்! பார்னும் மனைவியும் ஆறு மாதம் பெங்களூரில் இருந்தார்கள். அவரை அங்கேயே நிரந்தரமாக வைத்துக்கொள்ள ராமன் முயன்றார், உள்ளே எதிர்ப்பு வந்து நடக்காமல் போனது. 1936ல் பார்ன் எடின்பரோவுக்குப் போய்விட்டார். 1954ல் நோபல் பரிசு. நமக்குக் கிடைத்திருக்க வேண்டியவர், நழுவவிட்டோம். எனக்கு இன்றும் ஆற்றாமைதான்.

கோட்டிங்கனுக்குப் பிறகு, டிராக் சொன்ன யோசனையின்படி, தன் மூன்றாவது வருஷத்தைச் சந்திரசேகர் கோபன்ஹேகனில் நீல்ஸ் போரின் நிறுவனத்தில் கழித்தார். ஒரு கோடை கொடுத்த தைரியம் ஒரு வருஷமாக நீண்டது என்று நான் எடுத்துக்கொள்கிறேன். இதில் எனக்கு ஒரு சின்ன விஷயம் மனசைத் தொடும். அம்மா தமிழில் மொழிபெயர்த்தாரே அந்த நாடகம், அது உலகத்தில் முதன்முதலாக மேடையேறியது கோபன்ஹேகன் ராயல் தியேட்டரில், 1879 டிசம்பரில். மகன் அந்தக் கட்டடத்தின் வழியாக நடந்து போயிருப்பார். அவருக்கு அது தோன்றியதோ என்னவோ, எனக்குத் தோன்றுகிறது.

1935 ஜனவரி 11ந் தேதி லண்டனில் எடிங்டன் எல்லோர் முன்னிலையிலும் அவர் கணக்கைக் கேலி செய்து பேசிய கதை உங்களுக்குத் தெரியும். பாடப் புத்தகத்திலேயே வருகிறது. அதில் இறங்கவில்லை. அதைவிட 1936ல் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். அந்த வருஷம் சென்னைக்கு வந்தார், மாநிலக் கல்லூரியில் கூடப் படித்த லலிதாவைத் திருமணம் செய்துகொண்டார். (சாரதா வித்யாலயம் ஆரம்பித்த சகோதரி சுப்புலட்சுமிக்கு லலிதா உறவு, அக்கா தங்கை வழி மகள். தி.நகர் சாரதாவில் படித்தவர்கள் காலரைத் தூக்கிக்கொள்ளலாம்.) அப்போது ஹார்டி ஒரு வேலை சொல்லி அனுப்பியிருந்தார். ராமானுஜனின் நல்ல புகைப்படம் ஒன்று வேண்டும். சந்திரசேகர் திருவல்லிக்கேணியில் ஜானகி அம்மாளைத் தேடிப் போனார். அந்த அம்மாளிடம் இருந்தது கணவரின் பாஸ்போர்ட்டும், அதில் ஒட்டியிருந்த படமும். இன்றைக்கு உலகம் முழுவதும் ராமானுஜன் என்றதும் கண்ணில் வருகிற அந்த முகம், அகன்ற கண்களோடு நேராகப் பார்க்கும் முகம், அந்தப் பாஸ்போர்ட் படம்தான். வெளிநாட்டில் படிக்கப் போன ஒருவரின் பாஸ்போர்ட்டை, வெளிநாட்டில் படிக்கப் போன இன்னொருவர் கண்டெடுத்தார்.

இனி, கேட்டவர்களுக்கு நேர்ப் பதில். சந்திரசேகரை அழைத்தது பார்ன். அழைத்ததற்குக் காரணம் அவர் ஏற்கெனவே செய்திருந்த வேலை. உங்கள் பிள்ளையை அங்கே ஒருவராவது பெயர் சொல்லி அழைக்கிறாரா, அல்லது பணம் கட்டினால் யாருக்கும் இடமா என்று பாருங்கள். முதலாவது என்றால் கடன் வாங்கியாவது அனுப்புங்கள், இரண்டே மாதமானாலும் சரி. இரண்டாவது என்றால் அந்தப் பணத்தில் பாதிக்குப் புத்தகம் வாங்கிக் கொடுத்துவிட்டு, மீதியில் குடும்பத்தோடு சுற்றிப் பார்த்துவிட்டு வாருங்கள், அதுவும் நல்லதுதான். ஜெர்மன் வகுப்பில் சேர்க்கலாமா என்று கேட்டவனுக்கு: சேர்த்துவிடு. பெண்ணின் பாட்டியிடம் தினம் பத்து நிமிஷம் பேசச் சொல்லு. போவதற்கு முன்னால் ஒரு தரம் நேரில் வந்து பார்த்துவிட்டும் போகச் சொல்லு.

பியர்மனைப் பற்றிச் சொல்கிறேன் என்றேன். அதற்கு முன், அந்த இரண்டு பக்கக் கட்டுரை. 1930 நவம்பரில் அனுப்பியது 1931 ஜூலை இதழில் அச்சாகி வெளிவந்தது. அதாவது, அம்மா போன இரண்டாவது மாதம், அதே கோடையில். அதில் சொன்ன எல்லை சூரியனின் எடையில் 0.91 மடங்கு. நட்சத்திரம் எதனால் ஆனது என்ற அனுமானம் பின்னால் மாறியதால் இன்று நாம் சொல்வது சுமார் 1.44. அன்றைக்கு யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. ஆனால் பாருங்கள், 1937ல் சிகாகோ பல்கலைக்கழகத்துக்குப் போன சந்திரசேகர், 1952லிருந்து 1971வரை அதே இதழுக்கு ஆசிரியராக இருந்தார்.

பியர்மன் ஜெர்மனியிலேயே தங்கி வால்நட்சத்திரங்களை ஆராய்ந்தார். வால்நட்சத்திரத்தின் வால் எப்போதும் சூரியனுக்கு எதிர்ப் பக்கமே நீள்வதற்கு ஒளியின் தள்ளல் மட்டும் போதாது, சூரியனிலிருந்து துகள்கள் இடைவிடாமல் வீசிக்கொண்டிருக்க வேண்டும் என்று 1951ல் சொன்னார். சிகாகோவுக்கு வந்து அதைப் பற்றிப் பேசியபோது கேட்டுக்கொண்டிருந்தவர் யூஜின் பார்க்கர் என்ற இளைஞர். பார்க்கர் கணக்குப் போட்டுப் பார்த்து, ஒலியின் வேகத்தைத் தாண்டி வீசும் 'சூரியக் காற்று' உண்டு என்று எழுதி, 1958ல் அஸ்ட்ரோஃபிசிக்கல் ஜர்னலுக்குக் கொடுத்தார். கட்டுரையைப் பரிசீலித்த நடுவர்கள் இருவருமே வேண்டாம் என்றார்கள். ஆசிரியர் சந்திரசேகருக்கும் அந்தக் கருத்து பிடிக்கவில்லை. ஆனால் கணக்கில் தப்பு எங்கே என்று நடுவர்களால் காட்ட முடியவில்லை. கட்டுரையை வெளியிட்டார். இருபத்து நான்கு வயதில் எடிங்டனிடம் பட்டவர் அல்லவா. 1962ல் மரைனர் 2 விண்கலம் அந்தக் காற்றை அளந்து உறுதி செய்தது.

நம் ஆதித்யா எல்1 இப்போது பூமியிலிருந்து 15 லட்சம் கிலோமீட்டர் தள்ளி நின்று அந்தக் காற்றைத்தான் அளந்துகொண்டிருக்கிறது. திட்ட இயக்குநராக இருந்தவர் நிகர் ஷாஜி, செங்கோட்டைக்காரர். 2023 செப்டம்பர் 2ந் தேதி காலை 11.50க்கு ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து அது கிளம்பியபோது நான் மொட்டை மாடியில் நின்று வடக்கே பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு மேகம்தான் தெரிந்தது. அன்றைக்குப் புகைக்கோடு கண்ணில் பட்டவர்கள் யாராவது இருந்தால், எந்தப் பேட்டையிலிருந்து பார்த்தீர்கள் என்று எழுதுங்கள்.